நேராகத் தைத்த கேன்வாஸ்

என் நாத்தனாருக்கும் எனக்கும் ஆகாது என்றுதான் எங்கள் தெருவில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நினைக்க வைத்தது நான்தான். நான் கல்யாணமாகி வந்த புதிதில் நாலு பேர் முன்னால், "அண்ணி, இந்த ஜாக்கெட்டை யாரு தச்சது? தோள் ரெண்டும் ஆளுக்கொரு திசையில போகுதே" என்று கேட்டுவிட்டாள். மூன்று மாதம் அவளிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாவது மாதம் அதே ஜாக்கெட்டை நானே தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். ஒரு வார்த்தை பேசாமல் பிரித்துத் தைத்துக் கொடுத்தாள். போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கும் ஒழுங்கான தோள் இருக்கிறது என்பதே தெரிந்தது. அதற்குப் பிறகும் வெளியில் முறுக்கிக்கொண்டுதான் இருந்தேன். கெட்ட பெயரை ஒரே நாளில் விட மனசு வரவில்லை.

அவள் தையல்காரி. ஆனால் அவள் தைத்ததில் பாதியை எந்த மனிதரும் உடுத்தவில்லை. ஏசி மிஷின்கள் உடுத்தின.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். பெரிய கூடங்களுக்கு வைக்கிற ஏசி, வீட்டுச் சுவரில் மாட்டுகிற மாதிரி இருக்காது. ஒரு சின்ன அறை பருமனுக்கு இரும்புப் பெட்டி. கட்டடத்துக்கு வெளியே சிமெண்ட் மேடை போட்டு அதன்மேல் உட்கார வைப்பார்கள். அதற்கு இரண்டு வாய். ஒன்று குளிர்ந்த காற்றை உள்ளே தள்ளும், மற்றது உள்ளே இருக்கிற காற்றைத் திரும்ப இழுக்கும். கட்டடத்துக்குள் கூரையை ஒட்டித் தகரத்தில் செய்த பெரிய சதுரக் குழாய் ஓடும். அதற்கு டக்ட் என்று பெயர். டக்டின் முனை கீழே இறங்கி, சுவரைத் தாண்டி வெளியே வந்து மிஷினின் வாயோடு சேர வேண்டும். ஆனால் தகரத்தைத் தகரத்தோடு நேரே முடுக்கிவிட முடியாது. மிஷின் ஓடும்போது அதிரும். அந்த அதிர்வு டக்டில் ஏறினால் கூடம் முழுக்க உறுமும். அதனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் நீளத்துக்குக் கெட்டித் துணியை வைத்து இணைப்பார்கள். அதுதான் கேன்வாஸ். பதினெட்டு வருஷமாக அதைத் தைத்தவள் என் நாத்தனார்.

டக்ட் செய்கிறவர் என் வீட்டுக்காரர், அவளுடைய சொந்த அண்ணன். மிஷினை இறக்கி வைத்து, இணைப்பு கொடுத்து, ஓட விடுகிறவர் அவளுடைய வீட்டுக்காரர். இருவரும் ஒன்றாகத் தொழில் தொடங்கியவர்கள். அந்த மனிதர் முக்கால் டன் மிஷினைச் சங்கிலியில் தொங்கவிட்டு, பூப்போல மேடையில் இறக்கியதை என் வீட்டுக்காரர் ஒருநாள் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்து, "இவனுக்குத்தான் நம்ம தங்கச்சி" என்று சொல்லிவிட்டார். ஜாதகம், விசாரணை ஒன்றும் கிடையாது. நல்ல மாப்பிள்ளைதான் அமைந்தார். அதில் குறை சொல்ல மாட்டேன்.

குறை எல்லாம் பதினோரு வருஷத்துக்கு முன்னால் வந்தது. ஒரு பெரிய கூட்ட அரங்கு. மிஷினை ஓட விட்டால் அரங்கு குளிரவே இல்லை. கட்டடத்துச் சொந்தக்காரர் நாலு பேரை அழைத்து வந்து நின்றுகொண்டு, "தப்பு யார் மேல?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர், "மிஷின்ல காத்து வருது, குளிர்ச்சியைத்தான் காணோம்" என்றார். அவளுடைய வீட்டுக்காரர், "நல்ல மிஷினைச் சல்லடையில மாட்டினா எப்படிக் குளிரும்?" என்றார். வார்த்தை முற்றி, பெண் கொடுத்தது, எடுத்தது வரைக்கும் போய்விட்டது. கடைசியில் பார்த்தால் மேடைத் திரைக்குப் பின்னால் இரண்டு ஜன்னல்கள் திறந்து கிடந்தன. சாத்தினார்கள். கால் மணி நேரத்தில் அரங்கு குளிர்ந்தது. இவர்கள் மட்டும் அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு பேருக்கும் வேலை கொடுக்கிற கான்டிராக்டர் ஒருவர்தான். பாவம், அவர் என்ன செய்வார். ஒருவரைக் காலையில் வரச் சொல்வார், மற்றவரை மத்தியானத்துக்கு மேல் வரச் சொல்வார். என் வீட்டுக்காரர் தங்கை வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவளுடைய வீட்டுக்காரர் எங்கள் தெருவையே மறந்துவிட்டார். அவள்தான் வாரத்துக்கு இரண்டு தரம் நடந்து வந்து அண்ணனைப் பார்த்துவிட்டுப் போவாள்.

இந்த வீம்பில் நடந்த ஒரு கூத்து வெளியே தெரியாது. வரைபடத்தில் 'தரையிலிருந்து முப்பது அங்குலம்' என்று போட்டிருக்கும். எந்தத் தரை என்று போட்டிருக்காது. என் வீட்டுக்காரர் கட்டடத்துக்குள் நின்று உள்தரையிலிருந்து முப்பது அங்குலம் அளப்பார். அவளுடைய வீட்டுக்காரர் வெளியே நின்று வெளித்தரையிலிருந்து முப்பது அங்குலம் அளப்பார். எந்தக் கட்டடத்தில் உள்ளும் வெளியும் ஒரே மட்டத்தில் இருக்கிறது? முன்பெல்லாம் சுவர் ஓட்டை வழியாக, "மாப்ள, இன்னும் ஒரு அங்குலம் ஏத்து", "மச்சான், அந்தப் பக்கம் கொஞ்சம் தட்டு" என்று கத்திச் சரிசெய்துகொள்வார்கள். பேச்சு நின்றபின் யார் யாரைக் கேட்பது? அவரவர் வாயின் அளவை அவரவர் ஒரு சீட்டில் எழுதி என் நாத்தனாரிடம் கொடுத்துவிடுவார்கள்.

சண்டைக்குப் பிறகு வந்த முதல் வேலையிலேயே அவளுக்குச் சந்தேகம் தட்டியிருக்கிறது. இருவரும் இல்லாத நேரமாகப் பார்த்து, தோளில் டேப்பைப் போட்டுக்கொண்டு போய் நின்றிருக்கிறாள். டக்டின் வாய் ஒன்றேகால் அங்குலம் மேலே, மிஷினின் வாய் கீழே. நேராகத் தைத்தால் துணி ஒரு பக்கம் விறைக்கும், மறுபக்கம் தொங்கி மடிந்து காற்றை அடைக்கும். வீட்டுக்கு வந்து ஒரு பக்கத்தை நீளமாகவும் மறுபக்கத்தைக் குட்டையாகவும் வெட்டினாள். கையில் எடுத்துப் பார்த்தால் கோணல்மாணலாக இருக்கும். மாட்டினால் ஒரு சுருக்கம் இல்லாமல் நிற்கும். அதன்மேல் மழைக்காகத் தகர மூடி போட்டுவிடுவார்கள். பிறகு யார் பார்க்கப்போகிறார்கள்?

அன்றிலிருந்து ஒவ்வொரு வேலைக்கும் அப்படித்தான். என் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்து, "பேச்சே இல்ல, ஆனா மட்டம் எப்படி வந்து உக்காருது பாத்தியா? எல்லாம் கைப்பழக்கம்" என்பார். நானும் பெருமையாக இன்னொரு கரண்டி போடுவேன். அந்த வீட்டில் அவரும் இதையேதான் சொல்லியிருக்கிறார். அவளும் இன்னொரு கரண்டி போட்டிருப்பாள்.

எனக்கு இது போன வருஷம்தான் தெரியவந்தது. வயிற்றுவலியில் அவளால் குனிய முடியாமல் போனபோது என்னைத் துணைக்கு அழைத்தாள். "அண்ணி, டேப்போட அந்த முனையைப் பிடிங்க. அப்புறம், வாயையும் கொஞ்சம் பிடிச்சுக்கங்க."

"ஏண்டி, அந்த ரெண்டு மகராசன்கள்கிட்டயும் சொல்லித் தொலைச்சா என்ன?" என்று கேட்டேன்.

"சொன்னா, யாரு ஏத்தி வெச்சது, யாரு இறக்கி வெச்சதுன்னு புதுசா ஒரு சண்டை வரும். பழசே இன்னும் தீரல" என்றாள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

வயிற்றுவலி வெறும் வயிற்றுவலி இல்லை. கட்டி. வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது என்று டாக்டர் சொன்னார். இரண்டு மாதம், அதிகம் போனால் மூன்று என்றார். அவளிடம் மறைக்கலாம் என்று நாங்கள் பார்த்தோம். அவள் எங்கள் முகத்தைப் பார்த்தே அளவெடுத்துவிட்டாள்.

அவளுக்குப் பிள்ளை குட்டி இல்லை. சொத்து சுகத்தில் ஆசை இல்லை. ஒரே ஒரு ஆசைதான் சொன்னாள். "அண்ணன் இந்த வீட்டுக்கு வரணும். வந்து இவர் பக்கத்துல உக்காரணும். ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கணும், நான் கேக்கணும். நான் போனதுக்கப்புறம் இவருக்கு யாரு இருக்கா அண்ணி? என் அண்ணனுக்குத்தான் இவரை விட்டா ஒரு சிநேகிதன் உண்டா?"

வீட்டுக்கு வந்து அவள் அண்ணனிடம் சொன்னேன். "அவளை இங்க கூட்டிட்டு வா. நான் பாக்கமாட்டேன்னா சொன்னேன்?" என்றார். "அவளால வாசல் வரைக்கும் நடக்க முடியலை" என்றேன். "சரி, இந்த நூலக வேலை முடியட்டும்." எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார். அரைமணி நேரம் தண்ணீர் ஓடியது. கண்ணைச் சிவக்க வைத்துக்கொண்டு வெளியே வந்தார். அழத் தெரிகிறது, நாலு தெரு தாண்டி நடக்கத் தெரியவில்லை. தினமும் என்னிடம் ஆரஞ்சுப் பழம் மட்டும் கொடுத்து அனுப்புவார்.

அந்த நூலக வேலை, ஒரு பெரிய வாசிப்புக் கூடம். பின்சுவருக்கும் சாக்கடைக்கும் நடுவில் இருந்த ஒடுக்கமான சந்தில் மேடை போட்டு மிஷினை வைத்திருந்தார்கள். இந்தமுறை நான் மட்டும்தான் போனேன். காவலாளியை டேப்பின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி அளந்தேன். கூடத்துக்குப் புதிதாகக் கல் பதித்துத் தரையை உயர்த்தியிருந்தார்கள். டக்டின் வாய் மிஷினைவிட இரண்டரை அங்குலம் மேலே இருந்தது. அதுவரை அவ்வளவு வித்தியாசம் வந்ததே இல்லை.

கட்டிலில் சாய்ந்திருந்தவளிடம் போய்ச் சொன்னேன். "ரெண்டரையா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

"அண்ணி, இதை நேராத் தைக்கப்போறேன்."

"பொருந்தாதேடி."

"பொருந்தக்கூடாது. திறப்புவிழா பக்கத்துல வந்துடுச்சு, மாட்டுற அன்னைக்கு ரெண்டு பேரையும் ஒண்ணாத்தான் வரச் சொல்லுவாங்க. ஏன் சேரலைன்னு ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக் கேக்கணும். ஒரு கேள்வி போதும். மத்தது தானா வரும்."

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. தையல் மிஷினை மிதிக்க அவள் காலில் பலம் இல்லை. நான் ஸ்டூலில் உட்கார்ந்து மிதித்தேன், அவள் பக்கத்தில் நாற்காலியில் சாய்ந்தபடி துணியைத் தள்ளினாள். "மெதுவா, மெதுவா. யார் மேல இருக்கற கோவத்தையோ என் மிஷின் மேல காட்டாதீங்க" என்றாள். இரண்டு வாய்க்கும் இரண்டு கேன்வாஸ், தைத்து முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. நேரான தையல், ஒரு நூல் பிசகவில்லை.

மாட்டுகிற நாளன்று அவள் சொன்னபடியே இருவரையும் காலையில் வரச் சொல்லியிருந்தார்கள். சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் நானும் போய்ச் சந்தின் முனையில் நின்றேன். என் வீட்டுக்காரர் கேன்வாஸை டக்ட் பக்கம் முடுக்கினார். அவளுடைய வீட்டுக்காரர் மிஷின் பக்கம் இழுத்தார். கீழ்ப்பக்கம் விறைத்து நின்றது, மேல்பக்கம் தொளதொளவென்று தொங்கியது. இன்னொன்றும் அப்படியே. இதோ கேட்கப்போகிறார்கள், இதோ கேட்கப்போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"என்னய்யா, ஏன் சேரல?" என்று கான்டிராக்டர்தான் கேட்டார்.

என் வீட்டுக்காரர் கான்டிராக்டரைப் பார்த்தே பதில் சொன்னார். "தையல் தப்பு. உடம்பு முடியாதவகிட்ட கொடுத்தது நம்ம தப்பு. பாவம், அளவு பிசகிட்டா."

அந்தப் பக்கத்திலிருந்து அவரும் கான்டிராக்டரிடமே சொன்னார். "ஆமாங்க. அவளுக்கு இப்பக் கண்ணும் சரியாத் தெரியறதில்ல."

பதினோரு வருஷத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. இருவர் குரலிலும் இரக்கம் சொட்டியது. அந்த இரக்கத்தைக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சாப்பாட்டுத் தூக்கை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் விழித்திருந்தாள். "பேசிக்கிட்டாங்களா அண்ணி?" என்றாள்.

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த நேரத்தில் வரவில்லை. "ரெண்டு பேரும் ஒரே மாதிரி பேசினாங்க" என்றேன்.

"யாரைப் பத்தி? என்னைப் பத்தியா?"

நான் தலையை ஆட்டினேன். அவள் போர்வையை இழுத்து நெஞ்சுவரை மூடிக்கொண்டாள். மத்தியானம் அவளுடைய வீட்டுக்காரர் கேன்வாஸ் இரண்டையும் சுருட்டிக்கொண்டு வந்தார். "பரவாயில்லம்மா, விடு. வேற ஆள்கிட்டக் கொடுத்துத் தச்சுக்கலாம்" என்று அவள் தலையைத் தடவினார். நல்ல மனிதர்தான், அதுதான் கொடுமை.

"வேண்டாம். என் தப்பை நானே சரி பண்ணிடறேன்" என்றாள்.

பிளேடை வைத்து ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். நான் வாங்கப் போனால் தரவில்லை. மூன்று நாள் பிடித்தது. பிரித்த துணியை மறுபடி வெட்டி, இரண்டரை அங்குலத்துக்குக் கோணலாகத் தைத்தாள். நான் மிதித்தேன். இந்தமுறை அவள் ஒரு கிண்டலும் பேசவில்லை. கேன்வாஸ் போனது, பொருந்தியது, மிஷின் ஓடியது, வாசிப்புக் கூடம் குளிர்ந்தது.

அன்று என் வீட்டுக்காரர் வந்து கைகழுவிக்கொண்டே, "ஒழுங்காத் தச்சா எப்படிச் சேருது பாத்தியா?" என்றார்.

அவ்வளவுதான். சத்தியமாவது ஒன்றாவது. பதினோரு வருஷக் கதையையும் அவர் முகத்துக்கு நேரே கொட்டினேன். உள்தரை, வெளித்தரை, ஒன்றேகால், இரண்டரை, எல்லாவற்றையும். "உளறாத" என்றார். டேப்பை எடுத்து அவர் கையில் திணித்தேன். "போங்க. மூடியைக் கழட்டிப் பாருங்க. உங்க கைப்பழக்கத்தோட லட்சணத்தைப் பார்த்துட்டு வந்து பேசுங்க."

மறுநாள் காலையில் போனவர் சாயங்காலம்தான் வந்தார். நூலகத்தோடு நிற்கவில்லை. பழைய வேலைகள் நடந்த ஐந்தாறு கட்டடங்களுக்குப் போய், மழை மூடிகளைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். கையெல்லாம் துரு. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாத்துலயும்" என்றார். "ஒண்ணு கூட நேரா இல்ல."

"சரி, எழுந்திருங்க. இப்பவே போகலாம்" என்றேன்.

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போவேன்? கட்டில்ல கிடக்கறவளைத் தப்பு சொல்லிட்டு வந்திருக்கேன்."

அடுத்த நாளும் கூப்பிட்டேன். சட்டை போட்டுக்கொண்டு செருப்பு வரைக்கும் வந்தார், திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார். அதற்கடுத்த நாள் என் குரல் கேட்டதும் கொல்லைப்பக்கம் போய்விட்டார். கெஞ்சினேன், திட்டினேன், அவர் எதிரிலேயே தலையில் அடித்துக்கொண்டேன். உண்மை தெரிந்தால் ஓடுவார் என்று நினைத்திருந்தேன். உண்மைதான் அவரை உட்கார வைத்துவிட்டது.

அவள் தினமும் கேட்டாள். "நாளைக்கு வராரு" என்று தினமும் சொன்னேன். நாலாவது நாள் எனக்கே தாங்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சத்தியத்தை மீறிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஓரத்தில் தண்ணீர் இறங்கியது.

"ஏன் அண்ணி சொன்னீங்க?" என்றாள். "கோவத்துல இருந்தாக்கூட எங்கண்ணன் என்னைக்காவது வந்திருப்பாரு. வெக்கப்பட்டா வரவே மாட்டாரு. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்."

நான் அவரோடு இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவள். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோபத்தில் வாயைத் திறந்தேன், அவளுக்கு மிச்சமிருந்த நாட்களை நானே வீணாக்கிவிட்டேன். இதை இன்றுவரை நான் யாரிடமும் நியாயப்படுத்தவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவள் போய்விட்டாள். நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது மூச்சு இல்லை.

சொல்லி அனுப்பியதும் என் வீட்டுக்காரர் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தார். நாலு தெரு, ஐந்து நிமிஷம். உள்ளே வந்து தங்கையின் கால்மாட்டில் நின்றார். தலைமாட்டில் அவளுடைய வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். இருவரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜனங்கள் வந்தார்கள், அழுதார்கள், வெளியே போய் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். இவர்கள் அப்படியே இருந்தார்கள். பத்தரை மணி வாக்கில் யாரோ உள்ளே வந்து, ஏற்பாடு செய்ய வேண்டும், நேரம் சொல்லுங்கள் என்று கேட்டார்கள்.

அவர் தலையை நிமிர்த்தினார். என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"மச்சான், எத்தனை மணிக்கு எடுக்கலாம்?"

என் வீட்டுக்காரரும் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார்.

"நாலு மணிக்கு எடுத்துடலாம், மாப்ள."

நான் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். குனிந்து அவள் காதில், "பேசிட்டாங்க" என்று சொன்னேன்.